மணற்கல்லும் எரிமலைக் கல்லும்

கல் என்றால் எல்லாம் ஒன்றே என்று எண்ணுவது நம்மிடையே உள்ள வழக்கம். இரக்கமற்ற மனத்தைக் கல் என்கிறோம். அசையாத உறுதியையும் கல்லுக்கே ஒப்பிடுகிறோம். ஆனால், கல்லோடு நாள்தோறும் பழகுவோர் இவ்வாறு எண்ணுவதில்லை. சிற்பியைக் கேட்டால், ஒரு கல் உளிக்கு இணங்கும், மற்றொரு கல் உளியின் முனையை மழுக்கும் என்பார். கிணறு வெட்டுவோரைக் கேட்டால், ஒரு கல்லினுள் நீர் தங்கும், மற்றொரு கல்லில் வெடிப்பு இருந்தாலன்றி ஒரு குடம் நீரும் ஊறாது என்பார். கட்டடம் எழுப்புவோரைக் கேட்டால், ஒரு கல்லை எப்பக்கம் வைத்தாலும் குற்றமில்லை, மற்றொரு கல்லைத் திருப்பி வைத்தால் சில தலைமுறைகளில் அது ஏடு ஏடாக உரிந்துவிடும் என்பார்.

இவ்வேறுபாடுகளுக்குக் காரணம் யாது? அந்தந்தக் கல் பிறந்த விதமே காரணம். ஒரு கல்லின் பிறப்பை அறிந்தால் அதன் இயல்பை அறியலாம். இயல்பை அறிந்தால் அதனிடம் எதனை எதிர்பார்க்கலாம், எதனை எதிர்பார்க்கலாகாது என்பதும் விளங்கும். இதனை நம் நாட்டின் இரு பெரும் பாறைகளைக் கொண்டு இங்கே ஆராய்வோம். ஒன்று விந்திய மலைத்தொடரின் மணற்கல். மற்றொன்று தக்காணப் பீடபூமியை மூடிக் கிடக்கும் எரிமலைக் கல். இதனை நிலவியலார் பசால்ட் என்பர்.

பாறைகளை மூன்று பெரும் பிரிவுகளாக வகுப்பது மரபு. பூமியின் உள்ளே உருகிய நிலையில் இருந்த குழம்பு ஆறி இறுகியதால் தோன்றியவை அனற்பாறைகள். மணல், வண்டல், சிப்பி முதலியன நீரின் அடியிலோ காற்றாலோ படிந்து இறுகியதால் தோன்றியவை படிவுப் பாறைகள். இவ்விரண்டில் எதுவாயினும் பூமியின் ஆழத்திலே வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஆட்பட்டு வேறொரு தன்மையை அடையுமாயின் அது உருமாறிய பாறை எனப்படும். நாம் எடுத்துக்கொண்ட எரிமலைக் கல் அனற்பாறை. மணற்கல் படிவுப் பாறை.

இங்கே ஒரு சிறு விளக்கம் தேவை. தமிழ்நாட்டில் கருங்கல் என்று வழங்குவது பெரும்பாலும் இந்த எரிமலைக் கல் அன்று. நம் கோயில்களிலே காணும் கருங்கல், பூமியின் ஆழத்திலேயே மெல்ல ஆறி இறுகிய கிரானைட் வகையாகவோ, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பழம்பாறையாகவோ இருக்கும். தக்காணத்துக் கல்லும் கருநிறமுடையதே. ஆயினும் அது பூமியின் மேற்பரப்பிலே ஓடிப் பரவி, விரைந்து ஆறிய கல்லாகும்.

இரு கற்களின் பிறப்பு

முதலில் மணற்கல்லின் பிறப்பைக் காண்போம். இன்றைக்கு நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், இன்று மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசத்தின் தென்பகுதி, இராஜஸ்தானத்தின் கீழ்ப்பகுதி என்று நாம் வழங்கும் நிலப்பரப்பிலே ஆழமற்ற கடலும் கழிமுகங்களும் பரவியிருந்தன. சுற்றிலும் இருந்த பழைய மலைகளை மழையும் வெயிலும் சிதைத்தன. ஆறுகள் அச்சிதைவுகளை உருட்டிச் சென்றன. மெல்லிய கனிமங்கள் வழியிலேயே தேய்ந்து களிமண்ணாயின. வலிய படிகமணிகள் மட்டும் மணலாக எஞ்சிக் கடலை அடைந்து படிந்தன. ஒரு படிவின்மேல் மற்றொரு படிவு விழுந்தது. அடியில் இருந்த மணல் மேலுள்ள பாரத்தால் நெருக்குண்டது. மணிகளுக்கு இடையே ஊறிச் சென்ற நீர், தன்னிற் கரைந்திருந்த பொருள்களை அங்கே விட்டுச் சென்றது. அப்பொருள்கள் மணிகளை ஒன்றோடொன்று பிணைத்தன. இவ்வாறு மணல் கல்லாயிற்று.

இப்பிணைப்புப் பொருள் எது என்பதைப் பொறுத்தே மணற்கல்லின் நிறமும் வலிமையும் அமைகின்றன. இரும்பின் துரு மணிகளின்மேல் மெல்லிய பூச்சாகப் படிந்திருந்தால் கல் செந்நிறம் பெறும். தில்லிச் செங்கோட்டையும் ஆக்ராக் கோட்டையும் பதேபூர் சிக்ரியும் செந்நிறமாகத் திகழ்வது இதனாலேயே. மணலின் இனத்தையே சேர்ந்த சிலிக்கா பிணைத்திருந்தால் கல் மிக உறுதியாக இருக்கும். சுண்ணாம்பு பிணைத்திருந்தால் அமிலங்கலந்த மழைக்கு அது ஈடுகொடாது. களிமண் பிணைத்திருந்தால் ஈரம் பட்டாலே அது நெகிழும்.

இனி எரிமலைக் கல்லின் பிறப்பு. இது மணற்கல்லைப்போல் நீண்ட பொறுமையின் விளைவன்று. இன்றைக்கு ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் இந்தியாவின் மேற்குப் பகுதியிலே நிலம் பிளந்தது. கூம்பு வடிவான மலையின் உச்சியிலிருந்து கக்குவதையே நாம் எரிமலை என்று எண்ணுகிறோம். ஆனால் இங்கே நீண்ட பிளவுகளின் வழியே பாறைக்குழம்பு வெள்ளம்போல் வெளிப்பட்டது. அதன் வெப்பம் 1100 பாகை செல்சியசுக்கும் மேற்பட்டது. ஒரு பெருக்கு பரவி ஆறியபின் மற்றொரு பெருக்கு அதன்மேல் பரவியது. இவ்வெள்ளத்தின் பெரும்பகுதி பத்து இலட்சம் ஆண்டுகளுக்குள்ளேயே வெளிப்பட்டு முடிந்துவிட்டது என்று ஆய்வாளர் கணித்துள்ளனர். மனித வாழ்வோடு ஒப்பிட்டால் இது நெடுங்காலமே. பாறைகளின் வரலாற்றிலோ இது ஒரு நொடிப்பொழுது.

இன்று எஞ்சியிருக்கும் பரப்பு மட்டுமே ஏறத்தாழ 5 இலட்சம் சதுரக் கிலோமீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய பகுதியில் இதன் கனம் 2 கிலோமீட்டரையும் எட்டுகிறது. மும்பையிலிருந்து புனேக்குச் செல்லும் இரயில் பாதையின் இருமருங்கிலும் உள்ள மலைகள் படிக்கட்டுப்போல் தோன்றுவதைப் பலரும் கண்டிருக்கலாம். ஒவ்வொரு படியும் ஒரு குழம்புப் பெருக்கின் அடையாளமாகும். இதுபற்றியே, படி என்று பொருள்படும் சுவீடிய மொழிச் சொல்லினின்று தோன்றிய ‘டிராப்’ என்னும் பெயர் இப்பாறைக்கு வழங்கலாயிற்று.

அடையாளங்கள்

இரண்டும் கல்லே. கையில் எடுத்துப் பார்த்து எது எவ்வினம் என்று அறிவது எங்ஙனம்? இக்கேள்வி பார்வைக்கு எளியது. ஆயினும் ஐரோப்பிய அறிஞர் இதன்பொருட்டுப் பல ஆண்டுகள் வாதிட்டனர். செருமனியில் பிரைபர்க் என்னும் ஊரிலே கனிமவியல் கற்பித்த வெர்னர் என்னும் பேராசிரியர், பசால்ட் கல்லும் பண்டைக் கடலில் படிந்த படிவே என்று கூறினார். ஆனால் பிரான்சு நாட்டு தெமாரே என்பவர் ஓவெர்ஞ் என்னும் பகுதியிலே அக்கல் அணைந்துபோன எரிமலைகளிலிருந்து வெளிப்பட்டிருப்பதை 1763ஆம் ஆண்டிலேயே கண்டார். காட்லாந்தைச் சேர்ந்த சர் ஜேம்சு ஹால் என்பவர் 1798ஆம் ஆண்டில் இவ்வழக்குக்கு உலைக்களத்திலேயே சான்று தேடினார். பசால்ட் வகைக் கல்லை உருக்கி விரைவாகக் குளிரச் செய்தபோது அது கண்ணாடியாயிற்று. மெல்லக் குளிரச் செய்தபோது மீண்டும் படிகங்கள் செறிந்த கல்லாயிற்று. நெருப்பிலிருந்து கல் பிறக்கக்கூடும் என்பது இதனால் உறுதிப்பட்டது.

அவ்வறிஞர் கண்ட வேறுபாட்டை நாமும் ஒரு பூதக்கண்ணாடியின் துணையால் காணலாம். மணற்கல்லின் உடைந்த பக்கத்தைப் பார்த்தால் தனித்தனி மணிகள் தோன்றும். அவை ஆற்றிலே உருண்டு வந்தமையால் முனை மழுங்கியிருக்கும். மணிக்கும் மணிக்கும் இடையே சிறு சந்துகள் இருக்கும். எரிமலைக் கல்லில் இத்தகைய மணிகளைக் காணவியலாது. அங்கே படிகங்கள் உருகிய குழம்பிலேயே தோன்றி, ஒன்றையொன்று பின்னிக்கொண்டு வளர்ந்தவை; அவற்றினிடையே வெற்றிடம் இல்லை. குழம்பு விரைந்து ஆறியதால் அப்படிகங்கள் பெரிதாக வளர நேரமுமில்லை. ஆகவே கல் முழுவதும் ஒரே கருமையாகத் தோற்றமளிக்கும்.

மற்றொரு சோதனையும் உண்டு. இரு கற்களையும் நன்கு உலர்த்தி எடைபோட்டு, ஒருநாள் முழுதும் நீரில் ஊறவைத்து, புறத்தே உள்ள ஈரத்தைத் துடைத்து மீண்டும் எடைபோடுக. துளையுள்ள மணற்கல் எடை கூடியிருக்கும்; கட்டியான எரிமலைக் கல்லின் எடையில் வேறுபாடு மிகச் சிறிதாகவே இருக்கும். இரும்புச் சத்து மிகுந்தமையால், ஒரே அளவுள்ள துண்டுகளில் எரிமலைக் கல்லே கைக்குக் கனமாகவும் இருக்கும்.

மலைச்சரிவிலே பெரிய அளவில் காணும்போது வேறு அடையாளங்களும் புலப்படும். மணற்கல்லில் பண்டைக் கடற்கரையின் அலைத்தழும்புகள் இன்றும் அழியாமல் உள்ளன. நேற்று அலை வந்து சென்ற மணல்வெளியோ என்று ஐயுறத்தக்க அளவுக்கு அவை தெளிவானவை. எரிமலைக் கல்லோ ஆறும்போது சுருங்கி வெடித்து, தூண்களை அடுக்கியதுபோல் நிற்பதுண்டு. மும்பையின் அந்தேரிப் பகுதியிலே, வீடுகளுக்கு நடுவே, ஏறத்தாழ 60 மீட்டர் உயரம் நிற்கும் கில்பர்ட் குன்று இதற்கு நல்ல சான்று.

குழம்பிலிருந்த ஆவி வெளியேற முயன்றபோது பெருக்கின் மேற்பகுதியில் குமிழ்த்துளைகள் ஏற்பட்டன. பின்னர் அத்துளைகளிலே நீர் ஊறி, வெண்ணிறப் படிகங்களையும் வண்ண அகேட் கற்களையும் நிரப்பியது. மகாராட்டிரத்தின் எரிமலைக் கற்களிலிருந்து கிடைக்கும் சியோலைட் என்னும் படிகங்கள் உலகத்தின் பல பொருட்காட்சிச் சாலைகளை அணி செய்கின்றன.

உயிரின் தடயங்களிலும் இவ்விரு பாறைகளுக்கு வேற்றுமை உண்டு. படிவுப் பாறை, தான் படிந்த காலத்து உயிர்களைத் தன் மடியிலே காத்து வைக்கும். இராணிகஞ்சு, ஜாரியா ஆகிய இடங்களின் நிலக்கரி, மணற்கல் அடுக்குகளுக்கு இடையே புதைந்த பண்டைக் காடுகளே ஆகும். கொதிக்கும் குழம்பிலோ எவ்வுயிரின் தடயமும் எஞ்சுவது அரிது. ஆயினும் இரண்டு குழம்புப் பெருக்குகளுக்கு இடைப்பட்ட அமைதிக் காலங்களில் ஆங்காங்கே ஏரிகள் தோன்றின. அவற்றின் சேறு படிந்து மெல்லிய படிவுப் பாறைகளாயிற்று. பனையினத்து மரங்களும் நத்தைகளும் அவற்றிலே கல்லாகிக் கிடக்கின்றன. இத்தாவர எச்சங்களை ஆராய்ந்து புகழ்பெற்றவர் பீர்பால் சாகனி; அவர் நிறுவிய பழந்தாவரவியல் ஆய்வு நிலையம் இலட்சுமணபுரியில், அதாவது லக்னோவில், இன்றும் அவர் பெயரால் விளங்குகிறது.

சிற்பியின் உளி

பிறப்பின் வேற்றுமை சிற்பியின் கைத்தொழிலில் எவ்வாறு வெளிப்படுகிறது என்பதை இனிப் பார்ப்போம். மத்தியப் பிரதேசத்திலுள்ள சாஞ்சியின் தோரண வாயில்கள் மணற்கல்லால் ஆனவை. கிறித்துவுக்கு முற்பட்ட முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றிலே யானைகளும் மரங்களும் மாந்தரும் ஊர்வலங்களும் நெருங்கிச் செறிந்து காணப்படுகின்றன. தெற்கு வாயிலிலே ஒரு கல்வெட்டு உள்ளது. விதிசை நகரத்துத் தந்தவேலைக்காரர் அவ்வேலையைச் செய்தனர் என்று அது கூறுகிறது. யானைத் தந்தத்திலே நுண்ணிய வேலை செய்து பழகிய கைகள் கல்லிலும் அதே வேலையைச் செய்ய முடிந்ததென்றால், அக்கல்லின் இயல்பும் அதற்கு ஒரு காரணம் அன்றோ? மணற்கல்லிலே உளி படிகத்தைப் பிளக்கவேண்டுவதில்லை. மணிகளின் பிணைப்பைத் தளர்த்தினால் போதும். சுனார் என்னுமிடத்து மணற்கல்லில் அசோகர் காலத்துத் தொழிலாளர் செதுக்கிய தூண்கள், இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் கண்ணாடிபோல் பளபளக்கின்றன.

அசந்தாவிலும் எல்லோராவிலும் நிலைமை வேறு. அவை எரிமலைக் கல்லிலே குடையப்பட்டவை. எல்லோராவின் கைலாசநாதர் கோயிலை எட்டாம் நூற்றாண்டில் இராட்டிரகூட மன்னன் முதலாம் கிருட்டிணன் காலத்தில் மேலிருந்து கீழாகக் குடைந்தெடுத்தனர். மலையின் பின்பக்கத்தில் வெட்டின் ஆழம் ஏறத்தாழ 30 மீட்டர். இத்துணைப் பெரிய வேலையை ஒரே பாறையில் செய்ய முடிந்தமைக்குக் காரணம், அப்பாறையிலே மணற்கல்லைப்போல் மெல்லிய ஏடுகள் இல்லாமையே. எப்பக்கம் வெட்டினாலும் ஒரே தன்மையுடைய கனத்த பெருக்குகளைச் சிற்பிகள் தேர்ந்துகொண்டனர். ஆனால் குமிழ்த்துளையும் வெடிப்பும் கலந்த அக்கல்லில் தந்தவேலையின் நுட்பத்தை எங்கும் எதிர்பார்க்க இயலாது. ஆகவே அசந்தாவின் கலைஞர் சுவரைச் சொரசொரப்பாகவே விட்டு, அதன்மேல் மண்சாந்து பூசி, அச்சாந்தின்மேல் ஓவியம் தீட்டினர். கல்லால் இயலாததை வண்ணத்தால் நிறைவேற்றினர் என்று கொள்ளலாம்.

இரு கற்களும் அழியும் விதமும் வேறு வேறாகும். அசந்தாவிலே கல் உறுதியானது. ஆனால் மழைக்காலத்தில் அதன் வெடிப்புகளின் வழியே நீர் கசிந்து சாந்தையும் ஓவியத்தையும் கெடுக்கிறது. கல்லைக் காப்பதைவிட வெடிப்பின் வழியை அறிந்து நீரை விலக்குவதே அங்கே முதன்மையான பணி. மணற்கல் மாளிகைகளிலோ நீர் கல்லுக்குள்ளேயே புகுகிறது. அடித்தளத்திலிருந்து ஈரம் மேலேறும்போது அதனுடன் உப்பும் ஏறுகிறது. வெயிலில் நீர் உலர, உப்பு மணிகளுக்கிடையே படிகமாகி வளர்ந்து கல்லை உள்ளிருந்தே நெருக்கிப் பிளக்கிறது.

இதனினும் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. மணற்கல் தான் படிந்தபோது எப்படிப் படுத்துக் கிடந்ததோ, அப்படியே சுவரிலும் படுக்கவைத்தல் வேண்டும். அதன் படிவுகள் சுவர்முகத்துக்கு இணையாக நிற்குமாறு நிமிர்த்தி வைத்துவிட்டால், புத்தகத்தின் ஏடுகள் ஒவ்வொன்றாகக் கழல்வதுபோல் கல்லின் முகம் உரிந்து விழும். பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கும்போது புதிய கல்லை அளவுக்கு வெட்டிப் பொருத்தினால் போதும் என்று எண்ணுவது பிழை. அதன் பிறப்புநிலை எது என்று கண்டு வைப்பவரே அக்கட்டடத்தின் ஆயுளைக் காப்பவர்.

கிணறும் நீரும்

மாளிகையைக் காட்டிலும் மக்களின் அன்றாட வாழ்வை நெருங்கித் தொடுவது தண்ணீர். மகாராட்டிர மாநிலத்தின் பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தரையடியில் இருப்பது எரிமலைக் கல்லே. அங்கே ஓர் உழவர் கிணறு வெட்டத் தொடங்கினால் அவருக்கு என்ன கிடைக்கும்?

கட்டியான எரிமலைக் கல்லிலே நீர் தங்க இடமில்லை என்று கண்டோம். நீர் இருப்பதெல்லாம் மூன்றே இடங்களில். முதலாவது, மேலே உளுத்துப்போன பகுதி. இரண்டாவது, ஆறும்போது விழுந்த வெடிப்புகளும் பிளவுகளும். மூன்றாவது, ஒரு பெருக்குக்கும் அடுத்த பெருக்குக்கும் இடையே உள்ள குமிழ்த்துளைப் பகுதி. ஆகவே இரண்டு தோட்டங்கள் அருகருகே இருப்பினும், ஒரு கிணற்றில் நீர் பொங்குவதும் மற்றொன்றில் வெறும் பாறையே எஞ்சுவதும் உண்டு. இது விதியின் விளையாட்டன்று; வெடிப்பின் போக்கு. பண்டைக்காலத்து உழவர் வாய் அகன்ற கிணறுகளை வெட்டியமைக்குக் காரணமும் இதுவே. கிணறு அகன்றிருந்தால் பல வெடிப்புகள் அதனை வந்து சேரும். இரவெல்லாம் ஊறிய நீரைப் பகலில் இறைக்கக் கிணறே தொட்டியாகவும் பயன்படும்.

1972-73ஆம் ஆண்டுகளில் மகாராட்டிரத்தைக் கடும் வறட்சி வாட்டியது. அதன்பின் ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகின. ஆழம் மிகுந்தால் நீரும் மிகும் என்பது பலரது எண்ணம். மணற்பாங்கான படிவுகளில் இது ஓரளவு பொருந்தலாம். எரிமலைக் கல்லில் ஆழம் செல்லச் செல்ல வெடிப்புகள் மேலுள்ள பாரத்தால் இறுகிக் குறைவதே பொதுவான இயல்பு. கடன் வாங்கி ஆழம் கூட்டிய உழவர் பலர் உலர்ந்த துளையையே கண்டனர் என்றால், அதற்கு அவர்தம் ஊக்கக் குறைவு காரணமன்று. கல்லின் இயல்பு முன்கூட்டி அறியப்படாமையே காரணம். மேலும், வெடிப்பில் அடங்கும் நீர் சிறிதளவே. ஒரு நல்ல மழையில் அது நிரம்பும். சில திங்களில் தீர்ந்தும்விடும். எனவே இத்தகைய நிலத்தில் மழைநீரைத் தடுத்து நிறுத்தும் ஊருணிகளும் வாய்க்கால் தடுப்புகளும் கிணற்றைக் காட்டிலும் முந்திய தேவையாகும். ஊரார் அனைவரும் ஒரே வெடிப்பின் நீரைப் பகிர்ந்துகொள்கின்றனர் என்பதை உணர்ந்து, இறைக்கும் அளவையும் கூடி முடிவு செய்தல் நலம்.

இப்போது மணற்கல் நிலத்துக்குச் செல்வோம். இராஜஸ்தானத்துச் சயிசல்மேர் பகுதி பாலைநிலம். ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 200 மில்லிமீட்டரைக் கூட எட்டுவதில்லை. அத்தகைய நிலத்தின் அடியிலே, லாட்டி என்னும் சிற்றூரின் பெயரால் வழங்கும் மணற்கல் அடுக்கு ஒன்று பரந்து கிடக்கிறது. அதன் மணிகளுக்கு இடையே உள்ள சந்துகளில் நன்னீர் நிறைந்துள்ளது. மேலே மணற்காடு, கீழே நீர்ச்சேமிப்பு. இவ்வியப்புக்குக் காரணம் அக்கல்லின் துளைகளே. ஆனால் அந்நீர் இன்றைய மழையால் நிரம்பியதன்று. மழை மிகுந்திருந்த பண்டைக்காலத்தில் சேர்ந்தது அதன் பெரும்பகுதி. இறைத்துவிட்டால் மீண்டும் நிரம்ப நெடுங்காலமாகும். எரிமலைக் கல்லில் நீர் அன்றாடக் கூலி போன்றது. அங்குள்ள மணற்கல்லில் அது முன்னோர் புதைத்து வைத்த செல்வம் போன்றது. முன்னதை அளந்து செலவழிக்க வேண்டும். பின்னதைத் தொடும் முன்னரே எண்ணிப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டிலும் படிவுகளின் இந்நீர்வளத்துக்குச் சான்று உண்டு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியிலுள்ள மணற்பாங்கான அடுக்குகளில் நீர் மிகுந்த அழுத்தத்தோடு நிறைந்திருக்கிறது. இடைவிடாது அந்நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தாலன்றிச் சுரங்கம் தோண்ட இயலாது.

எனினும் மணற்கல் என்னும் பெயரை மட்டும் நம்பிவிடலாகாது. விந்தியத்து மணற்கல்லிலே பல இடங்களில் சிலிக்கா துளைகளை நன்றாக அடைத்துவிட்டது. கட்டடத்துக்கு அது உயர்ந்த கல்லாக விளங்குவது இதனாலேயே. நீரைத் தேடுவோருக்கு அதுவும் வெடிப்பை நாட வேண்டிய கல்லாக முடிவதும் இதனாலேயே. ஆக, இனத்தின் பெயரோடு நில்லாமல் அந்தந்தக் கல்லின் வரலாற்றையும் ஆராய்தல் வேண்டும் என்பது பெறப்படுகிறது.

மண்ணாதலும் மீண்டும் கல்லாதலும்

சாஞ்சிக் குன்றின்மேல் நின்று சுற்றிலும் நோக்கினால் இவ்விரு கற்களின் பயனும் ஒரே காட்சியிலே புலப்படும். நிற்கும் குன்று மணற்கல்; அதன்மேல் மண் மெல்லியது. கீழே பரந்து கிடக்கும் வயல்களின் மண்ணோ கருமை படர்ந்தது. எரிமலைக் கல்லின் கனிமங்கள் மழையாலும் வெயிலாலும் எளிதில் சிதைந்து களிமண்ணாகின்றன. அக்களி ஈரத்தில் உப்பி, கோடையில் வெடித்து, நெடுநாள் ஈரத்தைத் தன்னிடம் வைத்திருக்கிறது. தக்காணத்திலே பருத்தி செழித்தமைக்கு இக்கரிசலே பெருந்துணை. மணற்கல்லின் படிகமணி அவ்வாறு எளிதில் சிதைவதில்லை. உடைந்தால் மீண்டும் மணலாகவே நிற்கும். ஆயினும் கரிசல் உள்ள இடமெல்லாம் எரிமலைக் கல் உண்டு என்று முடிவுகட்டுதல் ஆகாது. தமிழ்நாட்டின் தென்பகுதிக் கரிசல் வேறு பாறைகளிலிருந்து தோன்றியது.

இவ்வாறு பகைபோல் தோன்றும் இரு பாறைகளும் உண்மையில் ஒரே சுழற்சியின் இரு நிலைகளே. விந்தியத்து மணல்மணிகளை அதற்கும் முற்பட்ட பழம்பாறைகள் அளித்தன. இன்று தக்காணத்து எரிமலைக் கல் சிதைந்து, கோதாவரியும் கிருட்டிணையும் அதனை வண்டலாகச் சுமந்து வங்கக் கடலில் சேர்க்கின்றன; அவ்வண்டல் நாளடைவில் படிவுப் பாறையாகும். இச்சுழற்சியைக் கைத்தொழிலிலும் காணலாம். குசராத்தின் காம்பத்து நகரத்து மணித்தொழிலாளர் பட்டை தீட்டும் அகேட் கற்கள் எரிமலைக் கல்லின் துளைகளில் பிறந்தவை. நீர் அவற்றைப் பெயர்த்து உருட்டிச் சென்று இரத்தன்பூர் அருகே கூழாங்கல் படிவுகளில் சேர்த்தது. தொழிலாளர் அவற்றை எடுப்பது அப்படிவிலிருந்தே. அனற்பாறையில் பிறந்து, படிவுப் பாறையில் வளர்ந்து, மாந்தர் கழுத்தில் மணியாக வந்து சேர்கிறது அக்கல்.

ஆதலின் மணற்கல் உயர்ந்ததா, எரிமலைக் கல் உயர்ந்ததா என்று கேட்பதில் பொருளில்லை. 1924ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மும்பையின் இந்திய வாயில் மஞ்சள் நிற எரிமலைக் கல்லால் கடற்காற்றை எதிர்த்து நிற்கிறது. தில்லிச் செங்கோட்டை மணற்கல்லால் நான்காம் நூற்றாண்டாக நிற்கிறது. எந்தக் கல் எங்கே, எப்படி என்பதே கேள்வி. கிணறு வெட்டுமுன் ஊரின் பாறை யாதென்று கேட்டறிதலும், பழைய சுவரைத் திருத்துமுன் கல்லின் படுகையைப் பார்த்தலும் பெரும் பொருட்செலவுக்குரியன அல்ல. மத்திய நிலத்தடி நீர் வாரியமும் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையும் மாவட்டந்தோறும் ஆராய்ந்து வரைபடங்களும் அறிக்கைகளும் வெளியிட்டுள்ளன. அவற்றைப் பயன்படுத்துதல் நம் கடமை. நெருப்பும் நீரும் கோடி ஆண்டுகளாக எழுதி வைத்த செய்தியைப் படித்தபின் கடப்பாரையை எடுப்போமாயின், கைக்கு வருத்தமும் குறையும். கிணற்றுக்குக் கேடும் குறையும்.